கரடு வேறு, பொத்தை வேறு

தமிழில் மலையைக் குறிக்க எத்தனை சொற்கள் என்று கேட்டால் படித்தவர்கள் நிகண்டுப் பட்டியலை எடுத்துவிடுவார்கள். வெற்பு, பொருப்பு, சிலம்பு, ஓங்கல், பிறங்கல், வரை, குன்றம், கிரி, அசலம். பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் ஒப்பித்த வரிசைதான். அந்த வரிசையின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஒரு மனக்குறையும் உண்டு. எல்லாச் சொல்லுக்கும் எதிரே ‘மலை’ என்று ஒரே பொருளைப் போட்டுவிட்டு அது நகர்ந்துவிடுகிறது. மலையில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவர்களின் பேச்சில் அப்படி நடப்பதில்லை. ஒரு சொல் உட்காரும் இடத்தில் இன்னொன்று உட்காராது. மாற்றிச் சொன்னால் உடனே திருத்துவார்கள்.

எனக்குச் சொந்த ஊர் போடிப் பக்கம். மேற்கே பார்த்தால் வானத்தில் பாதியை மலைதான் அடைத்துக்கொண்டிருக்கும். மழையெல்லாம் அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும் மழைமறைவுப் பகுதி. அங்கே மலைமாடு மேய்க்கும் ஒரு பெரியவரோடு அடிக்கடி நடந்திருக்கிறேன். தேனி மாவட்டத்து மலைமாடுகள் உழவு மாடு போலத் தொழுவத்தில் நிற்பவை அல்ல. காட்டிலேயே கிடை போட்டு மேய்பவை. அவற்றின் பின்னால் நடக்கிறவருக்கு மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தாக வேண்டும்.

ஒருநாள் கூர்மையாக நின்ற ஒரு முனையைக் காட்டி, “ஐயா, அந்த உச்சிக்கு என்ன பேரு?” என்றேன்.

“அதெல்லாம் உச்சி இல்ல தம்பி. உச்சின்னா மேல ஏறி நாலு மாடு நிக்கணும், நாம உக்கார எடம் இருக்கணும். இது கூமாச்சி. காக்கா வேணா உக்காரலாம்.”

கூமாச்சி என்ற சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்கும், கூரான நுனி என்று. ஆனால் அவர் சொன்ன விளக்கம் அகராதியில் இல்லை. மேலே நிற்க முடியுமா முடியாதா என்பதுதான் அவருக்கு அளவுகோல். மேகமலைக் காடுகளுக்குப் பழைய பெயர் பச்சைக்கூமாச்சி. சுற்றுலா விளம்பரங்கள் வந்த பிறகு மேகமலை என்ற பெயரே பரவிவிட்டது. அதுவும் அழகான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் மேகம் எல்லா மலையிலும் வந்து தங்கும். பச்சைக்கூமாச்சி என்று சொன்னால், மரம் போர்த்திய கூர்முனைகள் வரிசையாக நிற்பது கண்ணில் வருகிறது.

எங்கள் பக்கத்தில் கேரளத்துக்குப் போகும் பாதைகளின் பெயர்களைப் பாருங்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்து மெட்டு, ராமக்கல்மெட்டு. மெட்டு என்றால் ஏறிவந்த பாதை மலையின் முதுகைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும் இடம். சுமை இறக்கி மூச்சு வாங்கும் இடம். இரண்டு பக்கத்துக் காற்றும் மோதிக்கொள்ளும் இடமும் அதுதான். ராமக்கல்மெட்டில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று எப்படித் தள்ளும் என்று தெரியும்.

மெட்டைக் கணவாய் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. கணவாயில் மலையே விலகி வழி விடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த இடைவெளி. ரயில் அதில் ஏற்றமே தெரியாமல் போய்விடுகிறது. தெற்கே ஆரல்வாய்மொழியும் அப்படித்தான், காற்றாலைகள் அங்கே காடு போல நிற்பதற்கும் அதுவே காரணம். மெட்டில் மலை வழி விடுவதில்லை, நாம்தான் அதன் மேல் ஏறிக் கடக்க வேண்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடந்தே போய்வந்த தலைமுறைக்கு இந்த வித்தியாசம் முழங்காலில் தெரிந்திருக்கும்.

மலையின் உள்வாங்கிய பகுதிகளுக்கும் இதே கவனத்தோடு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சரிவு சேர்ந்து கீழே இருண்டு போகும் ஆழத்தைக் கெவி என்பார்கள். “கெவிக்குள்ள மாடு எறங்கிருச்சுன்னா பொழுதுக்குள்ள ஏத்த முடியாது” என்று பெரியவர் சொல்லும்போது, எதற்காக அந்தச் சொல் தனியாக இருக்கிறது என்று கேட்கவே வேண்டியதில்லை. கொடைக்கானலுக்குக் கீழே வட்டக்கானலில் இருந்து ஒற்றையடிப்பாதையில் இறங்கினால் வெள்ளகெவி என்ற ஊர் வரும். ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வந்தவர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கெவி, கெபி என இரண்டு வடிவமும் உண்டு. மாதா கோயில்களில் கல்லடுக்கிக் கட்டும் குகையைக் கெபி என்கிறோமே, அதுவேதான். பாறை குடைந்தது போல உள்ளொடுங்கி, மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தால் அது பொடவு. தேனி மாவட்டத்தில் பாறை ஓவியங்கள் இருக்கும் சித்திரக்கல் பொடவு என்ற இடத்தின் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. ஓவியம், கல், ஒதுங்கும் இடம்.

பழைய இலக்கியச் சொற்கள் செத்துவிட்டன என்று நினைப்பவர்களை நான் பெரியகுளத்தில் இருந்து கொடைக்கானலுக்குப் போகும் இன்னொரு சாலையில் கூட்டிக்கொண்டு போவேன். கும்பக்கரைப் பக்கமாக ஏறி பெருமாள்மலையில் சேரும் சாலை அது. நடுவில் வரும் ஊரின் பெயர் அடுக்கம். சங்கப் பாட்டில் மலைப்பக்கத்துக்கு வரும் சொல் அடுக்கம். ஒன்றன்மேல் ஒன்றாக மலை அடுக்கிக்கொண்டு போகும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. அந்த ஊர்க்காரர்கள் வாழைக்காயும் காப்பிக்கொட்டையும் ஏற்றி அனுப்பும் ரசீதுகளில் ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று தினமும் எழுதப்படுகிறது.

எல்லாச் சொற்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கவான் என்றொரு சொல் இருந்தது. தொடைக்கும் அதுதான் பெயர், மலையின் பக்கத்துக்கும் அதுதான். மலையை உட்கார்ந்திருக்கும் உடம்பாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அகலமாகச் சரிந்து சமவெளியில் நீளும் மலைக்கால்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வரும். இன்று யாரும் அதைச் சொல்வதில்லை. கோடு என்பதற்கு உச்சி என்ற பொருளும் பேச்சில் போய்விட்டது, ஆனால் ஊர்ப்பெயரில் நிற்கிறது. திருச்செங்கோட்டு மலையின் சிவந்த பாறையைச் சாயங்கால வெயிலில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு உரை தேவையில்லை. கொடுமுடி என்றால் மலைச்சிகரம். அந்தப் பெயர் கொண்ட ஊரோ காவிரிக் கரையில் இருக்கிறது. மேரு மலையின் துண்டு ஒன்று அங்கே வந்து விழுந்தது என்று தலபுராணம் சொல்லி, ஆற்றங்கரையில் ஒரு சிகரத்தை வைத்துவிட்டது. அழகர்மலையில் இறங்கி வரும் நீருக்குச் சிலம்பாறு என்று பெயர். சிலம்பு மலைக்கும் ஒலிக்கும் பொதுவான சொல், அந்த ஓடைக்கு இரண்டும் பொருந்தும்.

சாரல் என்ற சொல்லின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பாட்டில் சாரல் என்பது மலைச்சரிவு. சாரல் நாடன் என்றால் அந்தச் சரிவுகளுக்கு உரியவன், குறிஞ்சித் தலைவன். இன்று தென்காசியில் போய்ச் சாரல் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ரெண்டு நாளா நல்லா விழுது” என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும்போது, முழுமழையாக இல்லாமல் பொடிப்பொடியாகத் தூவும் நீர்தான் இப்போது சாரல். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலுக்காகவே ஊர் திரண்டு வரும். அரசாங்கம் நடத்தும் விழாவுக்கும் சாரல் திருவிழா என்றே பெயர். மலைச்சரிவின் பெயர் அந்தச் சரிவில் விழும் மழைக்குப் போய்விட்டது. குற்றாலத்தில் நின்று மேலே பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். எது சரிவு, எது தூறல், எது மேகம் என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

செங்குத்தான பாறைமுகத்துக்கு என்ன சொல் என்று கேட்பவர்களுக்கு நான் வரையாட்டைக் காட்டுவேன். வரை என்பது மலை, ஓங்கி நிற்கும் பாறை. எல்லைக்கும் அதே எழுத்துகள்தான். ஆழியாறில் இருந்து வால்பாறைக்குப் போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினால் பெரும்பாலும் வரையாடுகள் கண்ணில் படும். ஒரு தாயும் குட்டியும் பாறையில் ஏறுவதை அங்கே வெகுநேரம் பார்த்தேன். நமக்கு வழவழவென்று தெரியும் பாறையில் விரற்கடை அகலத்துக்கு ஒரு விளிம்பு இருக்கும். தாய் முன்காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உடம்பின் பாரத்தை அதில் மாற்றியது. குளம்பின் இரண்டு பிளவும் விரிந்து பாறையைக் கவ்வின. குட்டி அதே விளிம்புகளில் அதே வரிசையில் காலை வைத்து ஏறியது. சிறுத்தையும் செந்நாயும் வரும்போது இந்த ஆடுகள் ஓடி ஒளிவது காட்டுக்குள் அல்ல, செங்குத்தான பாறைக்குத்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதற்குத் தனித் திட்டம் 2023இல் வந்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன. வரை என்ற சொல்லை மலை என்ற பொருளில் இன்று நம் வாயில் வைத்திருப்பது இந்த ஆடுதான்.

அதே பாறைமுகங்களுக்குச் சுற்றுலாத் தலங்களில் வைத்த பெயர்களைப் பார்த்தால் மனம் கசக்கிறது. கொடைக்கானலில் ஒரு பள்ளத்தாக்குக் காட்சிமுனையைப் பல காலம் தற்கொலை முனை என்று அழைத்தார்கள். இப்போது அதிகாரப் பெயர் மாறிவிட்டது, வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்லி இறக்கிவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேனெடுக்கவும் கிழங்கெடுக்கவும் பழங்குடிகள் நடமாடிய மலை அது. அங்கே ஒரு விளிம்புக்கு இப்படியொரு பெயர் நிலைத்தது நியாயமே இல்லை.

பெயர் வைப்பதில் நடந்து போகிறவர்களை மிஞ்ச ஆளில்லை. கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் அடியார்கள் வழியை எப்படிச் சொல்கிறார்கள்? வெள்ளை விநாயகர், வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை. சதுரகிரியில் தாணிப்பாறையில் தொடங்கினால் இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பிலாவடிக் கருப்பர். இதில் பாதி தண்ணீர் இருக்கும் இடங்கள். வழுக்குப்பாறை என்றால் கம்பை ஊன்றி வா என்று அர்த்தம். பசுக்கிடை என்றால் கொஞ்சம் சமதரை, உட்காரலாம். உயரத்தை மீட்டரில் சொல்லும் பலகை இந்த வேலையைச் செய்யாது. இருட்டில், கூட்டத்தில், முன்னால் போகிறவர் “சுனை வந்திருச்சு” என்று குரல் கொடுத்தால் பின்னால் வருகிறவர் காலி பாட்டிலை எடுத்துக்கொள்வார்.

இலங்கை மலையகத் தமிழர்கள் மலை என்ற சொல்லையே வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பகுதியும் அவர்களுக்கு ஒரு மலை, அதற்கு ஓர் எண். காலையில் எந்த மலையில் வேலை என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். வால்பாறைத் தோட்டங்களில் இதையே காடு என்பார்கள்.

பெரிய மலைகளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் என் மனம் கிடப்பது சின்ன மலைகளில்தான். தமிழ்நாட்டுச் சமவெளியில் பேருந்தில் போனால், எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது போலத் தனியாக ஒரு குன்று நிற்கும். அது எங்கிருந்தும் வந்ததல்ல. சுற்றி இருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டுத் தாழ்ந்துபோக, கடினமான பாறை மட்டும் கரையாமல் நின்றுவிட்டது. வெயிலிலும் மழையிலும் அது வெங்காயம் போல மேல்தோலை உரித்துக்கொண்டே இருக்கும். அந்த உரியும் குணத்தைத் தெரிந்துகொண்டுதான் கல்லுடைப்பவர்கள் பாறைமேல் நெருப்பு மூட்டிச் சூடேற்றிப் பாளம் பாளமாகக் கல்லைப் பெயர்த்தார்கள். இந்தப் பாறைகளில் ஒருவகைக்கு உலகப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் இருக்கும் கல்லறைக்கல் அந்த வகை. 1893இல் பாறைகளை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அதை வைத்துத்தான் அந்தப் பெயரைச் சூட்டினார். கல் போனதென்னவோ சென்னைப் பல்லாவரத்தில் இருந்து.

இந்தச் சின்ன மலைகளுக்கு ஊருக்கு ஊர் சொல் வேறு. கொங்கிலும் திண்டுக்கல், தேனியிலும் கரடு. கோவைக்குள்ளேயே கரட்டுமேடு இருக்கிறது. கரடு என்றால் கல்லும் சரளையும் முள்ளும் கலந்து கிடப்பது, கிளுவையும் உசிலையும் முளைத்திருப்பது, வெள்ளாடு ஏறி மேய்வது. கரடுமுரடு என்று பேச்சில் சொல்வது இதே கரடுதான். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போனால் பொத்தை. பழைய வடிவம் பொற்றை. குமரி மாவட்டத்தில் மருந்துவாழ்மலைக்கு அருகே இருக்கும் ஊரின் பெயர் பொத்தையடி. எனக்குத் தெரிந்த தென்காசிக்காரர்களிடம் அவர்கள் ஊர்ப் பொத்தையைக் கரடு என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். “அது கல்லுக்குமியலா? பொத்தைய்யா. முழுப்பாறை, மேல சாமி இருக்கு.” இரண்டையும் குன்று என்று எழுதிவிடலாம், பிழையில்லை. ஆனால் சரளையில் முள் குத்திய காலும் பாறைச்சூடு பட்ட காலும் ஒன்றில்லை.

ஏறி நிற்கும் அளவுக்குப் பரந்திருந்தால் பாறை. சோளம் காயப்போட, மழைக்காலத்தில் துணி துவைக்க, பிள்ளைகள் சறுக்கி விளையாட. நட்டுவைத்தது போல ஒற்றையாக நின்றால் குத்துக்கல். எதற்கும் அசையாத ஆளைக் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்கிறோம், தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை என்று ஊரே இருக்கிறது. மேலே கோட்டை கட்டிவிட்டால் துருகம், தியாகதுருகம் போல. திண்டுக்கல்லிலும் நாமக்கல்லிலும் கல் என்பதே மலை. ஓர் ஊரே அந்தக் கல்லின் பேரில் வளர்ந்து மாவட்டத் தலைநகராகிவிட்டது.

மலைக்கு நம் வாழ்க்கையில் இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு வழக்குப் போதும். எரியும் விளக்கு நின்றால் எங்கள் வீட்டில் அணைந்துவிட்டது என்று சொல்ல விடமாட்டார்கள், மலையேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆடிவந்த சாமி இறங்கினாலும் மலையேறிவிட்டது என்போம். ஒளியும் சாமியும் போய்ச் சேரும் இடமாக மலையை வைத்திருக்கிறோம். அந்த மலை பெரும்பாலும் இமயமோ பொதிகையோ அல்ல, ஊருக்கு வெளியே கண்ணெதிரே நிற்கும் கரடோ பொத்தையோதான்.

அந்தக் கரட்டுக்கு வருவாய்த்துறைக் கணக்கில் என்ன பெயர் தெரியுமா? பல இடங்களில் கல்லாங்குத்துப் புறம்போக்கு. அந்த எழுத்தில் சாமி இல்லை, சுனை இல்லை, ஆடு மேய்ந்த தடம் இல்லை. புல எண், பரப்பு, வகைப்பாடு, அவ்வளவுதான். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கல் தேடி வருகிறவர்களுக்கு இந்த வகைப்பாடு வசதியாகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கை வைத்தால் நாடே கேள்வி கேட்கும். ஊர்க்கரட்டில் பாதி போனாலும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. உங்கள் ஊர்க்குன்று கணக்கில் மலை என்று இருக்கிறதா, பாறை என்று இருக்கிறதா, கல்லாங்குத்து என்று இருக்கிறதா என்பதைக் கிராம அ-பதிவேட்டில் பார்க்கலாம். இணையத்திலேயே எடுக்க முடிகிறது. ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மதுரைப் பக்கத்து மக்கள் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் முன்னால் போகிறார்கள். ஒத்தக்கடையில் படுத்த யானை போலக் கிடக்கும் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010 வாக்கில் வந்தபோது, நரசிங்கம் ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்து நின்று தடுத்தார்கள். மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலும் சேர்த்து 193.42 ஹெக்டேர். அங்கே சமணப் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உண்டு, சுனைகளும் உண்டு. ஏழு குன்றுகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கழிஞ்சமலை, ராமாயி மலை, தேன்கூட்டு மலை, கழுகுமலை என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள்.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு நடத்திய கனிம ஏல முடிவில், இந்த ஊரையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு ஒரே பெயரில் வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், 2,015.51 ஹெக்டேர். ஊர்கள் கொந்தளித்தன. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள், சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. பிளாக் என்று எழுதப்பட்ட இடத்தைக் கழிஞ்சமலை என்றும் ராமாயி மலை என்றும் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் குடியிருந்ததால்தான் இது நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.